இலைக் குவளைச் செடி

உக்குவளை

அன்புள்ள தம்பிக்கு,

நியோரெஜீலியா அன்னாசிக் குடும்பத்துச் செடி. தாயகம் பெரும்பாலும் பிரேசில் காடுகள். அதில் ‘ஃபயர்பால்’ என்ற சிறுவகை ஒரு சாண் அகலத்தைத் தாண்டுவது அரிது. உக்குவளை வீட்டு விறாந்தைக்கு அதுவே தோது.

காட்டில் இந்த இனச் செடிகள் பல மரக்கிளையில் தொற்றி வாழும். மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. வேருக்குப் பிடித்துக்கொள்வதே பெரிய வேலை. இலையடிகள் ஒன்றையொன்று இறுகத் தழுவி நடுவில் ஒரு குவளையை உண்டாக்குகின்றன. அங்கே தேங்கும் மழைநீரையும், அதில் விழுந்து மக்கும் சருகின் சத்தையும் இலைகளே எடுத்துக்கொள்ளும். இலையடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நுண்ணிய செதில்கள் தெரியும். நீர் உள்ளே போவது அவற்றின் வழியாகத்தான்.

ஆகவே தோட்டத்து மண் உதவாது. தேங்காய் மட்டைத் துண்டும் கரித்துண்டும் கொஞ்சம் கூட்டெருவும் கலந்து, சிறிய சாடியில் நட வேண்டும். ஒக்டோபரில் மழை பிடித்துவிட்டால் சாடிக்கு நீர் ஊற்றவே தேவையில்லை. அடி அழுகுவது பெரும்பாலும் அப்போதுதான். காலை வெயிலில் இலை சிவக்கும், நிழலில் பச்சையாகித் தொய்யும், உச்சி வெயிலில் கருகும். உரத்தை அள்ளிப் போட்டாலும் பச்சைதான் மிஞ்சும்.

குவளை நீரில்தான் வில்லங்கம். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புக்கு அந்தச் சிறு தேக்கமே போதும். முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். இலங்கையில் 2017இல் டெங்கு எனச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவானவர்கள் 186,101 பேர். வளவில் நுளம்பு பெருக விடுவது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். சிறுவகையின் வசதி இங்கேதான்: வாரம் இருமுறை சாடியோடு தூக்கிச் சரித்து, பழைய நீரைக் கொட்டி, குவளையை அலசிப் புது மழைநீர் விடலாம். நுளம்பை ஒழிக்கக் குவளையில் எண்ணெய் ஊற்றக் கூடாது. செதில்கள் அடைபட்டுச் செடி செத்துவிடும். செம்பும் இதற்கு நஞ்சு. பக்கத்து மிளகுக் கொடிக்குச் செம்பு கலந்த போர்டோக் கலவை அடிக்கும்போது சாடியை அப்புறப்படுத்துவது நல்லது.

பூ மிகச் சிறியது, ஊதா நிறம், குவளைக்குள்ளேயே மலர்ந்து முடிந்துவிடும். பூவை நம்பி இதை வாங்குபவர் ஏமாறுவார். ஒருமுறை பூத்த தாய்ச்செடி மெல்லப் பட்டுப்போகும்; அதற்குள் பக்கத் தண்டுகளில் குட்டிகள் வந்திருக்கும். தாயின் மூன்றிலொரு பங்காவது வளர்ந்தபின், தண்டில் ஒரு துண்டு சேர்த்து வெட்டி நட வேண்டும். ஆழமாகப் புதைத்தால் அழுகும். வேர் பிடிக்கும்வரை ஒரு குச்சியில் கட்டி வைத்தால் போதும்.

அன்புடன்,
அண்ணன்