தங்க நுண்ணிழையில் மின்னோட்டம்

1902-ஆம் ஆண்டில், மைசூர் சமஸ்தானத்தில், காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம் பூதிகோட்டையை அடுத்த கோலார் தங்கவயலுக்குச் சுமார் 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே செலுத்தப்பட்டது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் அதுவும் ஒன்று. கம்பி நீண்டால் மின்தடையும் மிகும். ஆகவே மின்னழுத்தத்தை உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைத்து, வழியில் வெப்பமாக வீணாகும் ஆற்றலைக் கட்டுப்படுத்தினர். சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. எனினும், அங்கே தோண்டப்பட்ட அதே உலோகத்தை மிக நுண்ணிய இழையாக்கினால், நீளத்தைப் பற்றிய இவ்விதி பொருந்தாமற் போகிறது.

மின்தடை நீளத்தைப் பொறுத்து மிகுவது ஏன்? கம்பியினுள் செல்லும் எலெக்ட்ரான்கள், அதிரும் அணுக்களாலும் மாசுகளாலும் அடிக்கடி திசை மாற்றப்படுகின்றன. அறை வெப்பநிலையில், தங்கத்தில் ஓர் எலெக்ட்ரான் இவ்வாறு திசை மாறாமல் செல்லும் சராசரித் தூரம் ஏறக்குறைய 40 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு. இழை இத்தூரத்தினும் மிகக் குறுகியதாயின், எலெக்ட்ரான் இடையூறின்றிக் கடந்துவிடும்.

அவ்வாறாயின் மின்தடை பூஜ்யமாகிவிடும் என்று மாணவர் எண்ணக்கூடும். அது தவறு. எலெக்ட்ரானுக்கு அலைத்தன்மை உண்டு. குறுகிய கழுத்து சில அலைத்தடங்களையே அனுமதிக்கிறது. முழுமையாகத் திறந்த ஒவ்வொரு தடத்தின் மின்தடையும் 12,906 ஓம். 1988-இல் டெல்ஃப்ட், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் குறைகடத்திகளில் இப்படிமுறையைக் கண்டனர். 1998-இல் தங்க அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்ற சங்கிலிகளும் அளக்கப்பட்டன. அணுக்கள் சில கூடினும் மின்தடை ஏறக்குறைய அதே அளவில் நின்றது.

அத்தகைய ஓரணு இழைக்கு 0.1 வோல்ட் கொடுத்தால், சுமார் 7.7 மைக்ரோ ஆம்பியர் பாயும். அளவு அற்பமே; ஆயினும் குறுக்குப் பரப்பைக் கணக்கிட்டால், வீட்டுக் கம்பியில் பாயும் மின்னோட்டச் செறிவைப்போல் இரண்டு கோடி மடங்குக்கும் மேலாகும். இழை உருகாதது வியப்பன்று: ஆற்றலின் பெரும்பகுதி கழுத்தில் அன்றி, இருபுறமுள்ள தடித்த உலோகத்தில் வெப்பமாகிறது.

காந்தப்புலத்தின் கணக்கு மாறவில்லை. இழையிலிருந்து 1 நானோமீட்டர் அப்பால் அது புவியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு. 1 சென்டிமீட்டர் அப்பாலோ அதில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. திசைகாட்டி முள் அசையாது. எலெக்ட்ரானுக்கே உரிய காந்தத்தன்மையாகிய தற்சுழற்சி வேறொரு செய்தி. தங்கத்தில் அதன் இருவகையும் சமமாகச் செல்லும். இரும்பு போன்ற காந்த உலோகங்களில் அவ்வாறன்று. இவ்வேறுபாட்டைக் காந்தப் படலங்களிற் பயன்படுத்திய கண்டுபிடிப்புக்காக ஃபெர்ட், க்ரூன்பெர்க் ஆகிய இருவரும் 2007-இல் நோபல் பரிசு பெற்றனர். கணினி வட்டுகளின் படிப்பு முனைகள் அதன் பயன்.

கல்லூரி ஆய்வகத்தில் இப்படிகளைக் காட்ட இயலும். இரண்டு தங்கக் கம்பிகளை மெல்லத் தொடுமாறு வைத்து, 0.1 வோல்ட்டுடனும் 1,000 ஓம் தடையுடனும் தொடராக இணைத்து, அத்தடையின் முனைகளை டிஜிட்டல் ஆசிலோஸ்கோப்புடன் சேர்க்கவேண்டும். மேசையை இலேசாகத் தட்டினால் கம்பிகள் பிரியும். பிரியும் கணத்தில் கோடு சரிவாக இறங்காமல் படிபடியாக இறங்கும். கடைசிப் படி பெரும்பாலும் 7 மில்லிவோல்ட்டை ஒட்டி அமையும். ஒருமுறை தட்டிப் பார்த்து முடிவு செய்யலாகாது. பல பதிவுகளைச் சேர்த்தால்தான் படிகள் தெளிவாகப் புலப்படும்.