நம்மை நம்பிய உயிர்கள்

உயிர்க்கொலை புரியோம் என்று நாம் நாள்தோறும் உறுதி கூறுகின்றோம். நம்மை நம்பி வாழும் பிராணியை ஆபத்தில் விட்டுச் செல்வது அவ்வுறுதிக்குப் பொருந்துமா? ஒரு வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் கத்ரினா என்னும் பெரும்புயல் அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கிற்று. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தமையால், நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஐந்தில் நான்கு பங்கு நீரில் ஆழ்ந்தது. மீட்க வந்த ஊர்திகள் பலவற்றிலும், புகலிடங்கள் பலவற்றிலும் நாய் பூனைகளுக்கு இடம் மறுக்கப்பட்டது. பலர் கண்ணீருடன் அவற்றைப் பிரிந்தனர். சிலரோ பிரிய மனமின்றி, வெள்ளஞ் சூழ்ந்த வீட்டிலேயே தங்கிவிட்டனர். பின்னர்த் தொண்டர்கள் படகேறிச் சென்று, பூட்டிய வீடுகளைத் திறந்து, ஆயிரக்கணக்கான பிராணிகளை மீட்டனர். மாண்டவையும் மிகப் பல.

இதனின்று நாம் அறிவது யாது? மனிதரை மட்டும் காப்போம் என்று வகுத்த முறை மனிதரையும் முழுமையாகக் காக்கவில்லை. இதனை உணர்ந்த அந்நாடு, மாநிலங்கள் வகுக்கும் வெளியேற்றத் திட்டங்களில் வீட்டுப் பிராணிகளையும் கருத வேண்டுமென 2006-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றிற்று.

ஆகவே, புயலெச்சரிக்கை கேட்டவுடன் நம் பிராணிகளையும் உடன் கொண்டு செல்ல வழி தேடுவோம். எவ்வாற்றானும் இயலாதாயின், கட்டையேனும் அவிழ்த்து, உணவும் நீரும் மேட்டிடத்தில் வைத்துச் செல்வோம். கயிற்றைக் கட்டியவர் நாம். அவிழ்க்கும் கடமையும் நம்முடையதே.