கல்லீரலுக்குப் பதில் தோலடி?

கேள்வி: என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின் சுரக்கும் செல்களைத் தோலுக்கடியில் வைக்கலாமாமே, ஊசி நின்றுவிடுமா?

பதில்: இப்போதைக்கு நிற்காது. ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது வதந்தியும் அல்ல. 2000-இல் கனடாவின் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷபிரோ குழுவினர், இறந்தவர்களின் கணையத்திலிருந்து பிரித்த, இன்சுலின் சுரக்கும் ஐலெட் செல்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தி, 7 பேரை ஊசியிலிருந்து விடுவித்தார்கள். தொல்லை என்னவென்றால், ரத்தம் பட்டதுமே அந்தச் செல்களில் கணிசமானவை அழிந்துவிடுகின்றன. ஏதாவது கோளாறென்றால் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

தோலுக்கடியில் வைத்தால் எடுப்பது சுலபம். ஆனால் அங்கே ரத்த ஓட்டம் குறைவு. ஆக்சிஜன் கிடைக்காமல் செல்கள் செத்துப்போகும். இதற்கு அதே குழு 2015-இல் ஒரு வழி கண்டது. எலியின் தோலுக்கடியில் மெல்லிய நைலான் குழாயைச் சுமார் ஒரு மாதம் விட்டுவைத்தார்கள். அந்நியப் பொருளைக் கண்ட உடல், அதைச் சுற்றிப் புது ரத்தக்குழாய்களை வளர்த்தது. பிறகு குழாயை உருவிவிட்டு, அதே இடத்தில் ஐலெட்டுகளை வைத்தார்கள். நாற்றங்காலைப் பண்படுத்தி விதைப்பது மாதிரி! எலிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. உடலின் எதிர்ப்பையே வேலை வாங்கிய சாமர்த்தியம் இது.

மனிதருக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. மாற்றிவைத்த செல்களை உடல் நிராகரிக்காமலிருக்க மருந்துகளும் தொடர்ந்து சாப்பிட வேண்டும். சின்னப் பையனுக்கு, என் பார்வையில், ஊசியே மேல். யாராவது விளம்பரம் காட்டிப் பணம் கேட்டால், முதலில் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.