பிள்ளையின் பிரஜா உரிமைக்குத் தேவையான பத்திரங்கள்

கடைப் பேரேட்டை ஒரு நாள் எழுதாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது. வீட்டுப் பத்திரங்கள் எந்தப் பெட்டியில் கிடக்கின்றன என்று கேட்டாலோ நம்மில் பலர் விழிக்கிறோம். நீல அடையாளக் கார்டு சட்டைப்பையில் இருக்கிறதே, வேறென்ன வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறோம். பிள்ளையின் உரிமையை நிலைநாட்ட அந்தக் கார்டு மட்டும் போதாது.

1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயாவில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக அந்த மண்ணில் பிறந்ததே பிரஜா உரிமையைத் தந்தது. பிறகு சட்டம் பெற்றோரின் நிலையையும் கேட்கலாயிற்று.

நம் வர்த்தகர்களில் பலர் ஊரில் பெண் எடுக்கின்றனர். பிரசவமும் பெண்ணின் தாய் வீட்டில் நடக்கிறது. தகப்பனார் மலேசியாவிலேயே பிறந்த பிரஜையாயின் சிக்கல் குறைவு. ஆனால் அவரும் ஊரில் பிறந்து, பின்னர் பிரஜையானவராக இருந்தால், பிள்ளை பிறந்த ஒரு வருஷத்துக்குள் அப்பிறப்பை மலேசியக் கான்சல் காரியாலயத்தில் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னையில் இருக்கிறது. வருஷம் கடந்துவிட்டால் அரசாங்கம் மனமுவந்து கூடுதல் அவகாசம் தந்தால்தான் உண்டு. பேரன் முகம் பார்த்த மகிழ்ச்சியில், "அடுத்த பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று திரும்பி வருவதுதான் நம்மவர் வழக்கம்!

நிக்காஹ் தேதியும் முக்கியம். வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில், தகப்பனார் மலேசியப் பிரஜைதான். ஆயினும் பெற்றோரின் திருமணம் பிறப்புக்குச் சில மாதம் கழித்தே நடந்தது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் நால்வர் அப்பிள்ளைக்கு உரிமையில்லை என்றனர். நாம் முறைப்படி நிக்காஹ் செய்தவர்களே. அதைக் காட்டப் பத்திரம் இருக்கிறதா என்பதே கேள்வி. ஜமாஅத் தப்தரில் எழுதியதோடு நிற்க வேண்டாம். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லா மதத்தாரின் திருமணமும் சர்க்கார் பதிவில் ஏற வேண்டும். அந்தச் சர்டிபிகேட்டைக் கையோடு வாங்கி வருக.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். ஊர்ப் பத்திரத்தில் காதர், பாஸ்போர்ட்டில் காதிர், கார்டில் காடர் என்றிருந்தால் மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய நேரிடும். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பனார் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்களைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். தகப்பனாரின் பிரஜா உரிமைப் பத்திரத்தையும் அத்துடன் சேர்த்து வையுங்கள்.

ஊரில் பிரசவத்தை எதிர்நோக்கும் வீட்டார், அந்த ஒரு வருஷத்தின் கடைசி நாளைக் கடைப் பேரேட்டின் முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளவும்.