மூட்டு சொல்வதைக் கேளுங்கள்

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லையா? ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் கை வழிக்கு வருகிறதா? இரண்டு கை மூட்டுகளும் வீங்கி இருக்கின்றனவா? இது முடக்குவாதமாக இருக்கலாம்.

இது வயதானவர்களுக்கு மட்டும் வரும் நோய் அல்ல. 30, 40 வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நோயை எதிர்க்க வேண்டிய உடலின் சக்தியே மூட்டைத் தாக்குகிறது. யார் செய்த பாவமும் அல்ல. சீக்கிரமே மருத்துவரிடம் போங்கள். மூட்டு கோணிப் போகாமல் காக்க மருந்து உண்டு.

“வலிக்கிறதே, அசையாமல் இரு” என்று வீட்டில் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அசையாத மூட்டு இறுகிப் போகும். சதையும் மெலியும்.

எவ்வளவு அசைக்கலாம்? அதை உங்கள் உடலே சொல்லும். மூட்டு சூடாக வீங்கிய நாளில் பாரம் தூக்க வேண்டாம். மெதுவாக மடக்கி நீட்டினால் போதும். வீக்கம் குறைந்ததும் தினமும் நடங்கள். வேலை முடிந்து 2 மணி நேரம் ஆன பிறகும் வலி கூடுதலாக இருக்கிறதா? அன்று அதிகம் செய்துவிட்டீர்கள். மறுநாள் குறையுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம்.

குடத்தை விரல்களால் பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்துங்கள். ஈரத் துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். அப்படியே கொடியில் போடுங்கள். தண்ணீர் சொட்டினால் சொட்டட்டும்.