தடா: ஒரு பெரிய பாத்திரத்தின் பெயர்

'தடா'ன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பசங்க பைக் எடுத்துக்கிட்டுப் போற ஆந்திர எல்லை அருவி. பேப்பர் படிக்கிறவங்களுக்கு 'தடை' என்ற அர்த்தம். அப்பா வயசுக்காரங்களைக் கேட்டா, 1987-ல் வந்து 1995-ல் காலாவதியான சட்டம். மூணையும் மறந்துடுங்க. பழந்தமிழில் தடா என்பது ஒரு பெரிய பாத்திரம். நம்ம கேன்டீன் அண்டா மாதிரின்னு வெச்சுக்கலாம்.

இந்தச் சொல்லுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் திருமாலிருஞ்சோலைப் பெருமாளுக்கு, அதாவது மதுரைப் பக்கத்து அழகர்கோயில் சாமிக்கு, நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் தருவதாக நேர்ந்துகொள்கிறாள். (அக்காரம் சர்க்கரை, அடிசில் சமைத்த சோறு. 'அடு' என்றால் சமை. அடுப்பும் அதிலிருந்துதான்.) அந்த நேர்த்திக்கடன் அப்படியே நின்றுபோனது. சில நூற்றாண்டுகள் கழித்து அதைச் செலுத்தியவர், ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் என்பது வைணவ மரபு. பிறகு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது ஆண்டாள் அவரை 'அண்ணா' என்று அழைத்தாளாம். வருஷக் கணக்குப்படி அவள்தான் மூத்தவள்! ஆனா, தங்கை நேர்ந்ததை அண்ணன்தானே முடிச்சு வைக்கணும்?

சரி, தடா என்ற பெயர் எப்படி வந்தது? 'தட' என்றால் பெரிய, அகன்ற. தொல்காப்பியம் உரியியலே இந்தப் பொருளைச் சொல்கிறது. தடந்தோள் என்றால் அகன்ற தோள். தடித்தல், தடிப்பு எல்லாம் அதே குடும்பம். நீங்க ஒர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டர் வைத்துத் தகட்டின் தடிமன் அளக்கிறீங்களே, அந்தத் தடிமனும்தான். பானை பெயர் மறந்துபோச்சு. வேர் மட்டும் ஒரகடம் பிரஸ் ஷாப் வரைக்கும் வந்திருக்கு.

தடா இருந்த இடத்தில் இப்போ அண்டா. 'அண்டம் மாதிரி பெருசு, அதனால அண்டா' என்று சிலர் சொல்வாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு ஒப்புதல் இல்லை. மராத்தியிலும் இந்தியிலும் பெரிய பாத்திரம் ஹண்டா, சின்னது ஹாண்டி. ஹோட்டல் மெனுவில் 'ஹாண்டி பிரியாணி' பார்த்திருப்பீங்க. தமிழ் வாய்க்கு முதல் 'ஹ' நிற்காது: ஹனுமான் அனுமன் ஆன மாதிரி, ஹண்டா அண்டா. ஒடிசாவிலிருந்து வந்து இங்கே கம்பெனியில் வேலை பார்க்கிற அண்ணன்களைக் கேட்டுப் பாருங்க, அவங்க ஊர்ப் பானையும் ஹாண்டிதான். பாஷை புரியலைன்னு ஒதுங்கி உட்காருகிறோம். சோறு வடிக்கிற பாத்திரத்துக்கு ரெண்டு பேருக்கும் ஒரே பெயர்.

பிரியாணி மாஸ்டரோட தேக்சா இன்னும் வேடிக்கை. பாரசீகத்தில் 'தேக்' என்றால் பெரிய பானை. 'சா' சேர்த்தால் சின்னது என்று பொருள். பெயரில் சின்னப் பானை; கல்யாண வீட்டில் அதைத் தூக்க நாலு பேர் வேணும்.

அதுக்காக அண்டாவை விரட்டிட்டுத் தடாவைக் கொண்டுவரச் சொல்லவில்லை. உழைக்கிற சொல் இருக்கட்டும். தடாவுக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கு: மார்கழி 27, கூடாரவல்லி. அன்றைக்குப் பெருமாள் கோயில்களில் அக்கார அடிசில் படைப்பாங்க. நூறு தடா கணக்குக்காக நூறு சின்னக் கிண்ணத்தில் வைக்கிற வீடுகளும் உண்டு. ஹாஸ்டலில் இருந்தீங்கன்னா அன்றைக்குக் காலையில் பக்கத்துக் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. நெய் வழியும், இலை எடுத்துக்கிட்டுப் போங்க.