ஹெட்டைக் கழற்றாமல் வால்வு ஸ்பிரிங் மாற்றுவோம்

பழவேற்காடு முகத்துவாரத்தில் இன்ஜின் நின்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒடிந்த ஸ்பிரிங்கோடு கடலுக்குப் போக வேண்டாம். வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம்.

ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் ஆறியதும் டீசலை அடைப்போம். கையால் சுற்றி, இரு வால்வும் மூடியிருக்க, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவருவோம். முக்கியமானது இதுதான்: வால்வு நழுவினாலும் பிஸ்டன் தாங்கிக்கொள்ளும். பிஸ்டன் கீழே இருந்தால் வால்வு சிலிண்டருக்குள் விழும். பிறகு ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

ராக்கரைக் கழற்றி, புஷ்ராட் துளையைத் துணியால் மூடுவோம். லாக் அதற்குள் விழக் கூடாது. ஸ்பிரிங்கை அழுத்தி, இரு லாக்குகளையும் எடுத்து, புதியதை மாட்டுவோம். லாக் சரியாக அமர்ந்ததும் துணியை எடுத்து, ராக்கரைப் பூட்டி, டேப்பட் இடைவெளி வைப்போம். கையால் முழுதாக 2 சுற்று சுற்றிப் பார்த்த பிறகே ஓட்டுவோம். வால்வு வளைந்திருந்தால் மெக்கானிக்கிடம் போவதே நல்லது.